திரும்பி நின்ற எழுத்து

ஜெர்மன் நகரமான ஆஹெனுக்கு வந்து சேர்ந்த பத்து நாளில் வேதவல்லி ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. அவள் அழுமூஞ்சி அல்ல. சிரிக்கும்படி ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான். 1968 ஜனவரி. வந்த மறுநாள் பால் வாங்கப் போனவள், நடைபாதையில் உறைந்து கிடந்த தண்ணீரில் வழுக்கி ரொட்டிக்கடை வாசலில் விழுந்தாள். பால் புட்டி உடைந்தது. கடைக்காரம்மா ஓடி வந்து தூக்கிவிட்டு ஏதேதோ சொன்னாள். ஒரு வார்த்தை புரியவில்லை. அதற்குப் பிறகு வெளியே போனால் தலை நிமிர்வதே கிடையாது. அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தரையையே பார்த்து நடந்தாள். ஆயிரத்து இருநூறு வருஷத்துக் கதீட்ரல் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. அதன் நிழலிலேயே மூன்று முறை போய் வந்தும் அவள் அதைப் பார்க்கவில்லை.

கணவர் உமாபதி அங்கிருந்த தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருக்கு பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். காலை ஏழரைக்குக் கிளம்புவார். திரும்பும்போது தெருவிளக்கு எரியும். நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கு இருந்த கவலையெல்லாம் உலையின் சூடு எத்தனை டிகிரி என்பதுதான்.

பதினோராவது நாள் பொன்ட்டோர் என்ற பழைய கோட்டைவாசல் பக்கமாக வந்துகொண்டிருந்தாள். தெரு முழுக்கப் பனி. ஒரே ஓர் இடத்தில், வட்டமாக, பனி இல்லாமல் கறுப்பாக இருந்தது. வழுக்காத இடம் கிடைத்ததே என்று அதன்மேல் போய் நின்றுகொண்டாள். பிறகுதான் தெரிந்தது, அது சாக்கடை மூடி. கீழே ஓடும் தண்ணீரின் வெதுவெதுப்பில் பனி உருகியிருக்கிறது. குனிந்து பார்த்தாள். கனமான வார்ப்பிரும்பு. விளிம்பைச் சுற்றி எழுத்துகள்: செய்தவர் பெயர் க்விரின் லெனெர்ட்ஸ், ஊர் ஆஹென், வருஷம் 1911. ஊர்ப் பெயரின் கடைசியில் வரும் N திரும்பிக்கொண்டிருந்தது. குறுக்குக் கோடு சாய வேண்டிய பக்கம் சாயாமல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது.

அப்போதுதான் அவள் சிரித்தாள். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

வேதவல்லி பொன்மலைக்காரி. அவள் அப்பா அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப் ஃபவுண்டரியில், உருக்கிய இரும்பை வார்க்க மணலில் அச்சு எடுக்கும் மோல்டர். அவளும் கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் அதே ஒர்க்‌ஷாப்பின் டிராயிங் ஆபீசில் டிரேசராக வேலை பார்த்தவள். வரைபடத்தின் மேல் மெல்லிய தாளைப் போட்டு மையில் படியெடுக்கும் வேலை. தாளைப் புரட்டி வைத்துவிட்டால் எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும். அதனால் திரும்பிய எழுத்து எங்கே இருந்தாலும் அவள் கண் அங்கே போய் நின்றுவிடும். பொன்மலை ஃபவுண்டரியில் வார்ப்பில் எழுத்து திரும்பிப் போனால் அதைச் செய்தவன் மொத்த ஷாப்புக்கும் டீ வாங்கித் தர வேண்டும். ஒருமுறை அவள் அப்பாவே மாட்டிக்கொண்டிருக்கிறார். ‘ஆக, இந்த ஊரிலும் ஒருத்தன் மாட்டியிருக்கிறான்’ என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் உமாபதி வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“என்னங்க, நம்ம தெருமுனை மூடியில N திரும்பியிருக்கு.”

“எந்த மூடி?”

“சாக்கடை மூடி.”

“வேதா, ஊர்ல இருந்து இவ்வளவு தூரம் வந்து சாக்கடை மூடியவா பார்த்துட்டு வர்ற? கதீட்ரல் பார்த்தியா?”

“இல்ல. நாளைக்குப் பார்க்கறேன்.”

மறுநாளும் பார்க்கவில்லை. மறுநாள் அவள் அந்தத் தெருவின் எல்லா மூடிகளையும் பார்த்தாள். அடுத்த வாரம் அடுத்த தெரு. மார்ச்சில் பனி போனபோது வழுக்கும் பயமும் போயிருந்தது. ஆனால் தலை நிமிரவில்லை. இப்போது வேண்டுமென்றே குனிந்து நடந்தாள்.

அந்த ஊரில் போருக்கு முன்பு கட்டிய வீடுகளில் நிறைய குண்டுவீச்சில் போய்விட்டன. அதன் பிறகு எழுப்பிய வீடுகள் சுத்தமாக, ஒன்றுபோல இருந்தன. ஆனால் தரையை யாரும் புதிதாகக் கட்டவில்லை. பளபளக்கும் புதுக் கட்டிடத்தின் வாசலில் 1898 என்று போட்ட நிலக்கரிக் குழி மூடி இருக்கும். முன்பெல்லாம் அதைத் திறந்து நேரே நிலவறைக்குள் கரியைக் கொட்டுவார்களாம். சில வாசற்படிகளின் ஓரத்தில் காலணிச் சேற்றைச் சுரண்டுவதற்கு ஓர் இரும்புத் தகடு பதித்திருக்கும்; அதன் அடியில் விரல் விட்டுத் தடவினால் கொல்லன் அடித்த முத்திரை தட்டுப்படும். டிராம் கம்பியை இழுத்துக் கட்ட வீட்டுச் சுவரில் பூப்போல ஒரு வார்ப்பிரும்பு வளையம் இருக்கும். அதற்கு மட்டும் அவள் தலையை நிமிர்த்தினாள். எல்லாவற்றையும் தெரு, வீட்டு எண், செய்தவர் பெயர், வருஷம் என்று உமாபதியின் ஆய்வுக்கூட நோட்டு ஒன்றில் எழுதி வைத்தாள். முக்கியமானதென்று பட்டால் மெல்லிய தாளை மேலே விரித்து, கரிக்கட்டியால் தேய்த்துப் படியெடுத்தாள். டிரேசர் கை அல்லவா, கோடு பிசகாமல் வந்தது.

ஜெர்மன் மொழியும் அப்படித்தான் வந்தது. மாலை வகுப்பின் முதல் நாள், தெரிந்த ஜெர்மன் வார்த்தை ஒன்று சொல்லுங்கள் என்று ஆசிரியை கேட்டாள். ஒருவர் வணக்கம் என்றார், ஒருவர் நன்றி என்றார். வேதவல்லி எழுந்து நின்று, தெளிவான உச்சரிப்பில், “கழிவுநீர்” என்றாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. இன்னும் தெரியுமா என்று ஆசிரியை கேட்க, நிலக்கரி, எரிவாயு, தீயணைப்புக் குழாய் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

உமாபதிக்குத்தான் கொஞ்சம் சங்கடம். ஒருநாள் அவருடைய பேராசிரியர், “உங்கள் மனைவியை நேற்றுப் பார்த்தேன். தெருவில் மண்டியிட்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?” என்று விசாரித்துவிட்டார்.

“நடுத்தெருவுல உட்காராத வேதா. ஓரமா இருக்கறத மட்டும் பாரேன்.”

“மூடி நடுத்தெருவுலதானேங்க இருக்கு?”

உமாபதி தன் ஆய்வுக்கூட நோட்டை எடுத்து விரித்துக்கொண்டார்.

1969 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. யாக்கோப் தெருவில் திரும்பிய N உள்ள இன்னொரு மூடி இருப்பதாக வேதவல்லி போன வாரமே குறித்து வைத்திருந்தாள். தாளும் கரியுமாகப் போனால், அதன்மேல் ஒரு அம்மாள் ஏற்கெனவே மண்டியிட்டு, பழுப்புத் தாளை விரித்து, செருப்புத் தைப்பவர்களின் கறுப்பு மெழுகால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது இருக்கும். ஆண்கள் போடும் காலணி. முட்டிக்குக் கீழே ஒரு சாக்கு.

“மன்னிக்கணும், இது என்னோட மூடி,” என்றாள் வேதவல்லி.

அந்த அம்மாள் நிமிரவே இல்லை. “நான் இதை 1950ல கண்டுபிடிச்சேன். உனக்கு அப்போ எத்தனை வயசு?”

அவள் பெயர் ட்ரூட ஷ்மெட்ஸ். போர்க்காலத்தில் ஆண்களெல்லாம் சண்டைக்குப் போய்விட்டதால் வீடு வீடாக எரிவாயு மீட்டர் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தவள். போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். ஆஹெனில் அவள் இறங்காத நிலவறை இல்லை. திரும்பிய N பற்றி அவளிடம் ஒரு முடிவான கருத்து இருந்தது. “இது N இல்லை பெண்ணே, ரஷ்ய எழுத்து. ரஷ்யன் எவனோ அந்த ஃபவுண்டரியில வேலை பார்த்திருக்கான். தன் எழுத்தைப் போட்டுட்டான்.”

“இல்லை. மர அச்சில எழுத்தைக் குப்புற ஆணி அடிச்சிட்டாங்க.”

“அதெப்படி உனக்குத் தெரியும்?”

சொல்ல ஜெர்மன் போதவில்லை. வேதவல்லி சுற்றிலும் பார்த்தாள். எதிரே ஒரு பூங்காவில் குழந்தைகள் விளையாடும் மணல் தொட்டி இருந்தது. “பத்து நிமிஷம் இருங்க,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஒரு பெரிய உருளைக்கிழங்கும் கத்தியும் எடுத்து வந்தாள்.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து உருளைக்கிழங்கில் ஒரு N செதுக்கினாள். மேல்முகம் குறுகலாக, அடிப்பக்கம் அகலமாக, பக்கங்கள் சரிவாக. ஈர மணலை அமுக்கித் தட்டையாக்கி, மேல்முகம் கீழே போகும்படி N-ஐப் பதித்து மெதுவாக எடுத்தாள். பள்ளம் கத்தியால் வெட்டினாற்போல் சுத்தமாக இருந்தது. “இதில இரும்பை ஊத்தினா எழுத்து சரியா வரும். இப்ப பாருங்க.” கிழங்கைப் புரட்டினாள். இப்போது அகலமான பக்கம் கீழே. அதன்மேல் மணலை அள்ளிப் போட்டு அமுக்கி, தூக்கினாள். கிழங்கோடு மணலும் பெயர்ந்து வந்தது. விளிம்பெல்லாம் பொக்கை.

“போய் உங்க மூடியில பாருங்க. மத்த எழுத்தெல்லாம் ஓரம் சுத்தமா இருக்கும். இந்த N மட்டும் பொக்கையா இருக்கும். ரஷ்ய எழுத்து வேணும்னு செஞ்சிருந்தா அதையும் சுத்தமா செஞ்சிருப்பாங்க.”

ஷ்மெட்ஸ் அம்மாள் தெருவைக் கடந்து போய், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூடியின் மேல் கவிழ்ந்து படுக்காத குறையாகப் பார்த்தாள். திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

“பத்தொன்பது வருஷமா ஊரெல்லாம் ரஷ்யன் கதை சொல்லியிருக்கேன்,” என்றாள். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். “பாதிரியார்கிட்டகூடச் சொல்லிட்டேன்!”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். பிரிந்து போய்த் தேடுவது, மதியம் சந்தித்து நோட்டை ஒப்பிடுவது, குறைவாகக் கண்டுபிடித்தவர் கேக் வாங்கித் தருவது. முதல் வருஷம் பெரும்பாலும் வேதவல்லிதான் வாங்கினாள். இரண்டாம் வருஷம் நிலைமை மாறியது. கேக்கில் முட்டை இருக்குமே என்று ஆரம்பத்தில் தயங்கியவள், ஆறாவது ஞாயிறு அந்தக் கேள்வியைக் கேட்பதையே விட்டுவிட்டாள்.

1971 மார்ச்சில் அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. காய்கறிப் பையோடு திரும்பிக்கொண்டிருந்தபோது தெருமுனை தோண்டிக் கிடந்தது. புதுக் குழாய் பதிக்கிறார்கள். பழைய மூடிகளைக் கழற்றி லாரிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தார்கள். கடைசியாகக் கிடந்தது அவளுடைய முதல் மூடி. இரண்டு பேர் அதைத் தூக்கக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேதவல்லி பையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றாள்.

கொக்கி பிடித்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேஸ்திரி க்ராட்ஸ் வந்தார். பருத்த உடம்பு, காதில் பென்சில்.

“அம்மா, கொஞ்சம் இறங்குங்க.”

“இது எங்க போகுது?”

“உருக்கறதுக்கு.”

“அப்ப இறங்க மாட்டேன்.”

“நான் என்ன செய்யட்டும்? ஆபீஸ்ல இருந்து காகிதம் வந்தாத்தான் நான் எதையும் மாத்த முடியும்.”

“காகிதம் வரட்டும். நிக்கறேன்.”

க்ராட்ஸ் அவள் வயிற்றைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு ஓர் ஆளை அனுப்பித் தங்கள் கொட்டகையிலிருந்து நாற்காலி ஒன்று கொண்டுவரச் சொன்னார். “காலை மூடிமேலயே வச்சுக்கங்க, உட்கார்ந்தாவது இருங்க. எனக்கும் மூணு பிள்ளைங்க.” ஃபிளாஸ்க்கிலிருந்து காப்பியும் ஊற்றிக் கொடுத்தார்.

எதிர்வீட்டுக்காரர் ஷ்மெட்ஸ் அம்மாளுக்குப் போன் போட்டார். அவள் நேரே நகராட்சிக் கால்வாய் அலுவலகத்துக்குப் போய் என்ன சொன்னாளோ தெரியாது. ஒன்றரை மணி நேரத்தில் ஃபோசன் என்ற இளம் பொறியாளரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குள் தெருவில் இருபது பேர் கூடியிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரம்மா ஒரு தட்டில் பன் கொண்டு வந்து வேலையாட்களுக்கும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

ஃபோசன் மரியாதையாகத்தான் பேசினார். “அம்மா, இது நகரத்தின் சொத்து. தனியாருக்குத் தர எனக்கு அதிகாரம் இல்லை.”

“எனக்கு வேண்டாம்,” என்றாள் வேதவல்லி.

“வேண்டாமா?”

“எங்க வீடு மூணாவது மாடி. இதை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யறது? இருந்த இடத்திலேயே திரும்பப் போடுங்க.”

அவர் இதை எதிர்பார்க்கவில்லை. பழைய மூடி, விரிசல் இருக்கலாம், மேலே இப்போது பெரிய லாரிகள் போகின்றன என்று விளக்கத் தொடங்கினார். வேதவல்லி எழுந்தாள். “சுத்தியல் குடுங்க,” என்று க்ராட்ஸிடம் கை நீட்டினாள்.

மூடியின் ஒரு பக்கத்தின் அடியில் கட்டையைக் கொடுத்துச் சற்றே தூக்கி வைக்கச் சொன்னாள். தட்டினாள். கணீரென்று நீளமாக ஒலித்தது. பக்கத்தில் கிடந்த அடுத்த மூடியையும் அதேபோல் தூக்கி வைத்துத் தட்டினாள். ‘டொக்’ என்றது. “இது விரிசல். இதை உருக்கிக்கங்க.” க்ராட்ஸ் அந்த மூடியைப் புரட்டிச் சேற்றைத் துடைத்தார். அடியில், குறுக்கே, மயிரிழை போல விரிசல் ஓடியது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். வேதவல்லி அடுக்கியிருந்த பதினான்கு மூடிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்த்தாள். பத்து நல்லது, நாலு கெட்டது.

“இதெல்லாம் எங்கே கற்றீர்கள்?” என்றார் ஃபோசன்.

“எங்க அப்பா ஃபவுண்டரியில இருக்கார். ரயில் சக்கரத்தையும் இப்படித்தான் தட்டிப் பார்ப்பாங்க.”

ஷ்மெட்ஸ் அம்மாள் குறுக்கே புகுந்தாள். “அவளோட நோட்டைப் பாருங்க முதல்ல!”

நோட்டு காய்கறிப் பையிலேயே இருந்தது. முட்டைக்கோஸுக்கு அடியில். ஃபோசன் நின்றபடியே பக்கம் பக்கமாகப் புரட்டினார். நானூற்றுப் பன்னிரண்டு மூடிகள். தெரு, எண், செய்தவர், வருஷம், நிலைமை. அவருடைய அலுவலகத்தின் பழைய பதிவேடுகள் போரில் எரிந்துபோயிருந்தன. எந்தத் தெருவில் எந்தக் காலத்துச் சாக்கடை ஓடுகிறது என்று தோண்டிப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொண்டிருந்தார்கள். மூடியின் வருஷம் தெரிந்தால் கீழே இருப்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

“இதை நகலெடுக்க எங்களுக்கு அனுமதி தருவீர்களா?” என்று அவர் கேட்டார். இப்போது குரலே வேறாக இருந்தது.

“நானே எடுத்துத் தர்றேன். என் வேலையே அதுதான்.”

அன்று மாலை நாலு மணிக்கு க்ராட்ஸின் ஆட்கள் மூடியைத் திரும்ப அதன் சட்டத்தில் இறக்கினார்கள். உமாபதி வீட்டுக்கு வந்தபோது தெருவில் ஏதோ திருவிழா முடிந்த மாதிரி இருந்தது. யார் யாரோ அவருக்குக் கை கொடுத்தார்கள்.

“என்ன வேதா நடந்துச்சு?”

“ஒண்ணுமில்லீங்க. மூடியத் திருப்பிப் போட்டாங்க.”

அவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு முழுக் கதையையும் வாங்கியபோது இட்லிக்கு வைத்த தண்ணீர் வற்றிவிட்டது. மறுநாள் பேராசிரியரிடம் அவரே போய்ச் சொன்னார். தன் மனைவிக்கு வார்ப்பிரும்பு பற்றித் தன்னைவிட நன்றாகத் தெரியும் என்று. அந்த மாதம் அவர் நாலு பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பார்.

மே மாதம் பெண் குழந்தை பிறந்தது. சந்திரா என்று பெயர் வைத்தார்கள். க்ராட்ஸ் தன் மூன்று பிள்ளைகளும் வளர்ந்த தள்ளுவண்டிக்குப் புதுச் சக்கரம் மாட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த வருஷம் அக்டோபரில் வேதவல்லி கால்வாய் அலுவலகத்தின் வரைபடப் பிரிவில், பாதி நாள் வேலையாகச் சேர்ந்தாள். குழந்தையை ஷ்மெட்ஸ் அம்மாள் பார்த்துக்கொண்டாள். அலுவலகத்தில் அவளுக்கு முதலில் கொடுத்த வேலை, தன் நோட்டையே பெரிய தாளில் வரைபடமாக ஆக்குவது. இரண்டாவது வேலை, அதில் விட்டுப்போன தெருக்களுக்குப் போய்ப் பார்ப்பது. இத்தனை நாள் சும்மா செய்ததற்கு இப்போது சம்பளம் என்பதை அவளால் வெகுநாள் நம்ப முடியவில்லை. பொன்மலைக்கு எழுதிய கடிதத்தில், ‘தெருவில் நடக்க ரப்பர் பூட்ஸ்கூடத் தருகிறார்கள் அப்பா’ என்று எழுதினாள்.

உமாபதியின் ஆராய்ச்சி முடிந்து அங்கேயே ஓர் உருக்காலையில் வேலை கிடைத்தது. அதனால் திரும்பிப் போகும் பேச்சு தள்ளித் தள்ளிப் போயிற்று. 1975 கோடையில் ஷ்மெட்ஸ் அம்மாள் பழைய ஃபோக்ஸ்வாகன் ஒன்று வாங்கினாள். அறுபத்தாறு வயதில்தான் ஓட்டவே கற்றுக்கொண்டாள். அதோடு அவர்களின் எல்லை பெல்ஜியம் வரை விரிந்தது. முதல் பயணம், எல்லைக்கு அப்பாலுள்ள ஓய்ப்பன் என்ற சிற்றூர். காலை முழுக்க அங்கே சுற்றி ஆறு படிகள் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். பின் இருக்கையில் உமாபதியும் சந்திராவும், மடியில் தயிர்சாத டப்பா. சாப்பாடு வீட்டுக்குப் போய்த்தான் என்று தீர்மானம்; மணி இரண்டாகியிருந்தது.

எல்லையில் பெல்ஜியக் காவலர் ஒருவர் வண்டியை நிறுத்தி, நீளமான காகிதச் சுருள்களைக் காட்டி, “இது என்ன?” என்றார்.

“சாக்கடை மூடி,” என்றாள் ஷ்மெட்ஸ் அம்மாள்.

அவர் நம்பவில்லை. ஒரு சுருளை வாங்கி வண்டியின் முன்பக்கத்தில் விரித்தார். கறுப்பு மெழுகில் ஓர் இரட்டைத் தலைக் கழுகும், கீழே செய்தவர் பெயரும் இருந்தன. அவர் குனிந்து அந்தப் பெயரைப் படித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“இது எங்க பெரியப்பா வீட்டுத் தெரு! சின்ன வயசுல இந்தக் கழுகு மேலதான் குதிப்போம்.” தாளின் மேல் விரலை வைத்தார். “இது பரவாயில்லை. ஆனா இதைவிடப் பெருசா ஒண்ணு அவர் கொல்லையில கிடக்கு. ரெண்டு சிங்கம் போட்டது. என்ன வருஷம்னு அவருக்கே தெரியாது. இன்னைக்கு வீட்லதான் இருப்பார்.”

வேதவல்லி ஷ்மெட்ஸ் அம்மாளைப் பார்த்தாள். இருவரும் பின்னால் திரும்பி உமாபதியைப் பார்த்தார்கள்.

உமாபதி தயிர்சாத டப்பாவைத் திறந்து சந்திராவிடம் ஒரு கரண்டியைக் கொடுத்தார்.

“சரி, சரி. வண்டியத் திருப்பச் சொல்லு. நாங்க இங்கயே சாப்பிட்டுக்கறோம்.”